ஆட்டோபைலட்டைச் சோதித்தல்: பறப்பின் நிலைப்பு அளக்கப்படும் விதம்

ஆட்டோபைலட் எனப்படும் தானியங்கி விமானி நன்றாக வேலை செய்கிறதா என்பதை, அமைதியான வானில் விமானம் நேராகப் பறப்பதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சரியாகச் சமன்செய்யப்பட்ட பழைய பயிற்சி விமானம்கூட, விமானி கையை எடுத்தபிறகு சற்று நேரம் நேராகவே போகும். அறிய வேண்டியது வேறு. காற்று ஒரு பக்கம் தள்ளும்போது, எரிபொருள் தீர்ந்து எடை குறையும்போது, எஞ்சின் ஒன்று நின்றுபோகும்போது, உணரி ஒன்று பொய்யான அளவைச் சொல்லும்போது, விமானத்தை அது எவ்வளவு விரைவாகவும் எவ்வளவு ஆட்டமின்றியும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது? அதன் திறமைக்கு எல்லை எங்கே? எல்லையைத் தொட்டதும் அது என்ன செய்கிறது? ஆட்டோபைலட் சோதனை என்பது இக்கேள்விகளுக்கு எண்களில் விடை காணும் வேலை.

விமானத்தின் நிலைப்பை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். காற்று மூக்கைச் சற்று மேலே தூக்கிவிட்டால், அதைக் கீழே இறக்கும் விசை தானாகவே எழுகிறதா என்பது முதல் கேள்வி. இது நிலையியல் நிலைப்பு. எழுந்த விசை மூக்கைப் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறதா, அல்லது அதைத் தாண்டிக் கீழே இழுத்து, மறுபடி மேலே ஏற்றி, அலைக்கழித்துக்கொண்டே இருக்கிறதா என்பது இரண்டாவது. இது இயங்குநிலை நிலைப்பு. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம். திரும்பி வரும் விசை உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் அலைவு பெரிதாகிக்கொண்டே போகும். விமான நிலைப்பின் கணிதத்தை 1911-இல் ஜி. எச். பிரையன் தன் நூலில் முறைப்படுத்தினார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

எந்த விமானத்துக்கும் இயல்பான சில அலைவுகள் உண்டு. மூக்கு ஓரிரு நொடிகளில் விரைவாக மேலும் கீழும் ஆடி அடங்குவது ஒன்று. உயரத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்கியபடி விமானம் மிக மெதுவாக ஏறி இறங்குவது இன்னொன்று. ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் இதற்கு ஃப்யூகாய்டு என்று பெயரிட்டார். இதன் அலைவு நேரம் ஏறத்தாழ வேகத்தைப் பொறுத்தே அமைகிறது. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு 45 நொடி. வால் இடவலமாக வீச, இறக்கைகளும் சேர்ந்து சாய்ந்தாடும் ‘டச்சு ரோல்’ மூன்றாவது. நான்காவது அலைவே அல்ல. விமானம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, சாய்வு கூடக்கூட மூக்கும் தாழ்ந்து, சுருள் வழியில் இறங்கத் தொடங்கும். மேகத்துக்குள் அடிவானம் தெரியாமல் பறக்கும் விமானிக்கு இந்தச் சாய்வு உடலில் உறைக்காது. பறப்பின் தொடக்கக் காலத்தில் இது பல உயிர்களைக் குடித்தது. ஆட்டோபைலட்டின் தேவையை உணர்த்தியவற்றுள் இதுவும் ஒன்று.

ஆட்டோபைலட்டின் முதல் பொதுச் சோதனை 1914 ஜூன் 18 அன்று பாரிசுக்கு அருகே பெசோன் என்ற இடத்தில், சேன் ஆற்றின் மேல் நடந்தது. விமானப் பாதுகாப்புக்கான போட்டி அது. அமெரிக்க இளைஞர் லாரன்ஸ் ஸ்பெர்ரி, தன் தந்தை எல்மர் ஸ்பெர்ரியின் ஜைரோஸ்கோப் கருவியை ஒரு கர்ட்டிஸ் பறக்கும் படகில் பொருத்தியிருந்தார். பார்வையாளர்களைக் கடக்கும்போது இரு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில் உடன் வந்த மெக்கானிக் எமில் காஷான் இறக்கையின் மேல் நடந்து சென்று நின்றார். ஒரு பக்கம் கூடிய எடையால் விமானம் சாயத் தொடங்க, கருவி இறக்கைகளின் பின்விளிம்புத் தட்டுகளான எய்லரான்களை அசைத்து அதைச் சரிசெய்தது. பார்வைக்கு விளையாட்டு போலிருந்தாலும் அது முறையான சோதனையே. தெரிந்த அளவுள்ள ஒரு தொந்தரவைக் கொடுத்து, கருவியின் பதிலைப் பார்ப்பது என்ற அந்த வழியில்தான் இன்றைய சோதனைகளும் நடக்கின்றன. மெக்கானிக்கை இறக்கையில் ஏற்றுவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆட்டோபைலட்டின் வேலை பின்னூட்டம். இருக்க வேண்டிய நிலைக்கும் இருக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, அதற்கேற்ப மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் தட்டையோ, எய்லரானையோ, மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டர் தட்டையோ நகர்த்துகிறது. நகர்த்தும் அளவு எவ்வளவு என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசித் தேரோட்டத்தைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வடம் பிடிப்பவர்களால் இழுக்கத்தான் முடியும்; தேர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுபவர்கள் கையில் இருக்கிறது. தேர் வலப்புறம் ஒதுங்கத் தொடங்கியதுமே சிறு கட்டை இட்டால் போதும், நேராகிவிடும். தாமதமாகப் பெரிய கட்டையை இட்டால், அத்தனை எடையும் இடப்புறம் திரும்பி எதிர்ச்சாரி வீட்டுத் திண்ணையை நோக்கிப் போகும். கட்டையின் அளவையே ஆட்டோபைலட் பொறியாளர்கள் பெருக்கம் என்கிறார்கள். தேர் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கட்டை இடுபவரைவிட, எவ்வளவு விரைவாக ஒதுங்குகிறது என்பதையும் பார்த்து இடுபவர் தேர்ந்தவர். ஆட்டோபைலட்டிலும் விலகலைப் பார்க்கும் பகுதி, விலகும் வேகத்தைப் பார்க்கும் பகுதி, நெடுநேரம் சேர்ந்துவரும் சிறு பிழையைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பகுதி என மூன்றும் சேர்ந்தே இயங்குகின்றன.

தாமதம் பெருக்கத்தைவிடக் கொடியது. உணரி அளப்பதற்கும், கணினி கணக்கிடுவதற்கும், ஹைட்ராலிக் இயக்கி தட்டை நகர்த்துவதற்கும் நேரம் பிடிக்கிறது. 1.25 நொடிக்கு ஒருமுறை அலையும் இயக்கத்தில் 0.1 நொடித் தாமதம் என்பது ஒரு முழுச் சுற்றான 360 பாகையில் ஏறத்தாழ 29 பாகை பின்தங்குவதாகும். இப்படிப் பின்தங்கிப் பின்தங்கி, ஒரு கட்டத்தில் திருத்தமே தள்ளுதலாக மாறிவிடும். எனவே, அந்த விளிம்புக்கு இன்னும் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதைச் சோதனையில் அளக்கிறார்கள். ராணுவ விமானங்களுக்கான நெடுங்கால விதிப்படி, பெருக்கம் 6 டெசிபல் கூடினாலும், அதாவது இரண்டு மடங்கானாலும், விமானம் நிலைகுலையக் கூடாது. 45 பாகை கூடுதலாகப் பின்தங்கினாலும் குலையக் கூடாது. முதலாவதைப் பெருக்க இடைவெளி என்றும் இரண்டாவதைக் கட்ட இடைவெளி என்றும் சொல்லலாம். மேலே சொன்ன 0.1 நொடித் தாமதம் கணக்கில் வராமல் புகுந்துவிட்டால், 45 பாகையில் மிஞ்சுவது 16 மட்டுமே. விமானம் அப்போதும் நன்றாகப் பறப்பதுபோலவே தோன்றும். வெறும் பார்வையை நம்பாமல் இடைவெளியை அளப்பதன் தேவை இங்கேதான் விளங்குகிறது.

இந்தியாவில் இத்தகைய சோதனை மிகக் கடுமையாக நடந்தது தேஜஸ் போர் விமானத்துக்காக. தேஜஸ் இயல்பிலேயே நிலைப்பற்றது. வால் இறக்கை இல்லாத முக்கோண இறக்கை; விரைந்து திரும்ப வேண்டும் என்பதற்காகவே அதன் நிலையியல் நிலைப்பு வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கிறது. கட்டுப்பாட்டுக் கணினி ஓயாமல் திருத்திக்கொண்டிருக்காவிட்டால் எந்த விமானியாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே சாதாரண விமானத்தில் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டலாம் என்ற வசதி இங்கே இல்லை. அடித்தளத்தில் நிலைப்பைத் தரும் கட்டுப்பாட்டு விதிகள் எப்போதும் இயங்க வேண்டும். உயரத்தையும் திசையையும் பிடித்து வைக்கும் ஆட்டோபைலட் அவற்றின் மேல் கட்டப்பட்ட மாடி.

அந்த விதிகளை எழுதுவதற்காக 1992-இல் தேசியக் கட்டுப்பாட்டு விதிக் குழு பெங்களூரில் அமைந்தது. முதலில் வந்தது கணினிப் பாவனை. காற்றுச் சுரங்கத்தில் சிறு மாதிரிகளை வைத்து அளந்த விசைகளைக் கொண்டு விமானத்தின் கணித உருவம் ஒன்றை அமைத்து, அதில் விதிகளை ஓட்டிப் பார்த்தனர். காற்றுச் சுரங்க அளவுகளில் பிழை இருக்கும் என்பதால், ஒவ்வொரு எண்ணையும் கூட்டியும் குறைத்தும் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். அடுத்து, உண்மையான விமானிகள் அமர்ந்து ஓட்டும் தரைப் பாவனைக் கூடம். ஆனால் தரையில் இருக்கும் விமானிக்கு உயிர்பயம் இல்லை. அவர் கை துடிப்பதும் இல்லை. அதற்காக 1996-இல் அமெரிக்காவில் எஃப்-16 விஸ்டா என்ற விமானத்தில் தேஜஸின் விதிகள் ஏற்றப்பட்டன. அந்த விமானம் தன் இயல்பை மறைத்துக்கொண்டு வேறொரு விமானம்போலப் பறக்கக்கூடியது. பறக்காத தேஜஸ், இன்னொரு விமானத்தின் உடலுக்குள் இருந்து பறந்தது.

ஓட்டும் விமானியின் கருத்தும் எண்ணாகவே பதிவாகிறது. 1969-இல் கூப்பர், ஹார்ப்பர் இருவரும் வகுத்த அளவுகோலில் 1 என்றால் மிக நன்று, 10 என்றால் கட்டுப்பாடே இழந்துபோகும் நிலை. ‘பரவாயில்லை’, ‘கொஞ்சம் ஆடுகிறது’ என்பவை அங்கே பதில்கள் அல்ல. எவ்வளவு துல்லியம் கிடைத்தது, அதற்கு எவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது என்று படிப்படியாகக் கேட்டுத்தான் எண்ணை அடைய முடியும். விமானியின் கையும் கணினியும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனின் கிரிபென் விமானம் சான்று. 1989 பிப்ரவரியில் தரையிறங்கும்போது ஒன்றும், 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகர விழாவின்போது ஒன்றும் விழுந்தன. விமானியின் விரைவான கையசைவும் கணினியின் திருத்தமும் ஒன்றையொன்று துரத்த, கட்டுப்பாட்டுத் தட்டுகள் நகரக்கூடிய வேக எல்லையை எட்டி, தாமதம் கூடிப்போயிற்று. அதுவும் இயல்பில் நிலைப்பற்ற விமானமே.

1998 மே மாதப் பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின் வந்த தடைகளால், தேஜஸின் கட்டுப்பாட்டு அமைப்பில் உதவிவந்த அமெரிக்க நிறுவனத்தின் பங்கேற்பு நின்றது. இந்தியக் குழு மீதிப் பணியைத் தானே முடித்தது. அதில் பெரும்பகுதி ‘இரும்புப் பறவை’ எனப்படும் சோதனை மேடையில் நடந்தது. பெயருக்கேற்ற இரும்புச் சட்டகம் அது. இறக்கைத் தோல் இருக்காது, எஞ்சின் இருக்காது. ஆனால் விமானத்தில் உள்ள அதே ஹைட்ராலிக் குழாய்கள், அதே நீளத்தில், அதே வளைவுகளோடு ஓடும். அதே இயக்கிகள் அதே தட்டுகளை அசைக்கும். தட்டு அசைந்ததும் விமானம் எப்படித் திரும்பியிருக்கும் என்பதைக் கணினி கணக்கிட்டு, அந்த அளவைப் பொய்யான உணரிச் சைகையாகக் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் திருப்பித் தரும். தான் தரையில் இருப்பது கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரியாது. தேஜஸில் ஒரே வேலையை நான்கு தடங்கள் ஒருசேரச் செய்கின்றன. ஒன்றின் விடை மற்ற மூன்றிலிருந்து விலகினால் அது ஒதுக்கப்படும். இரும்புப் பறவை போன்ற மேடையில்தான் ஒரு தடத்தின் மின்சாரத்தைத் துண்டிக்கலாம், ஒரு குழாயின் அழுத்தத்தை இறக்கலாம், உணரி ஒன்றைப் பொய் சொல்ல வைக்கலாம். வானில் செய்யத் துணியாத கொடுமைகள் எல்லாவற்றையும் இங்கே செய்துபார்ப்பதே முறை. 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் தேஜஸைப் பெங்களூரில் மேலே எடுத்துச் சென்று 18 நிமிடத்தில் தரையிறக்கினார். அந்த 18 நிமிடத்துக்குப் பின்னால் பல ஆண்டுத் தரைச் சோதனை இருந்தது.

வானில் நடக்கும் சோதனை, பார்ப்பவருக்குச் சுவையற்றது. ஓர் உயரத்தையும் வேகத்தையும் பிடித்துக்கொண்டு, திட்டமிட்ட சிறு உதைகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். சாய்வுக் கோணத்தைத் திடீரென 20 பாகையாகக் கேட்டால், விமானம் எத்தனை நொடியில் அங்கே போய்ச் சேர்கிறது, அதைத் தாண்டி எவ்வளவு போகிறது, எத்தனை ஆட்டத்துக்குப் பின் அடங்குகிறது என்று பார்ப்பது ஒரு வகை. தட்டை ஒரு பக்கமும் உடனே மறுபக்கமும் சம அளவில் தள்ளுவது இன்னொரு வகை. 3, 2, 1, 1 என்ற நேர விகிதத்தில் மாறி மாறித் தள்ளும் முறையும் உண்டு. ஒரே உதையில் பலவகை அலைவு வேகங்களைத் தூண்டுவதால் ஆய்வாளர்களுக்கு அது பிடித்தமானது. மிக மெதுவான அசைவில் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டிச் செல்லும் அலைவுச் சோதனையிலிருந்துதான் பெருக்க, கட்ட இடைவெளிகள் நேரடியாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பறப்பின் பதிவையும் கணித உருவத்தின் முன்கணிப்போடு ஒப்பிடுவார்கள். இரண்டும் பொருந்தினால் மட்டுமே வேகத்திலும் உயரத்திலும் அடுத்த படிக்குப் போக அனுமதி. பொருந்தாவிட்டால், விமானம் எவ்வளவு அழகாகப் பறந்திருந்தாலும், உருவத்தைத் திருத்தும்வரை நிற்க வேண்டியதுதான். இந்தக் கண்டிப்பே இத்துறையின் சிறந்த பண்பு.

பயணிகள் விமானத்துக்கு அளவுகோல் இன்னும் வெளிப்படையானது. 29,000 அடி முதல் 41,000 அடி வரை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கும் விமானங்களுக்கிடையே இப்போது 1,000 அடிதான் இடைவெளி. முன்பு 2,000 அடியாக இருந்தது. இந்த நெருக்கமான அடுக்கில் பறக்க வேண்டுமானால், குலுக்கல் இல்லாத காற்றில் ஆட்டோபைலட் கேட்ட உயரத்திலிருந்து 65 அடிக்கு மேல் விலகாமல் பிடிக்க வேண்டும். குலுக்கல் உள்ள காற்றுக்கு வேறு கணக்கு. காற்றின் குழப்பத்தைப் புள்ளியியல் முறையில் விவரிக்கும் டிரைடன், வான் கார்மன் உருமாதிரிகளைப் பாவனைக் கணினியில் ஏற்றி, ஆயிரக்கணக்கான தற்செயல் காற்றுகளில் விமானத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. உயரத்தை மிக இறுக்கமாகப் பிடிக்கும் ஆட்டோபைலட் ஒவ்வொரு குலுக்கலுக்கும் எதிர்த்து நின்று பயணிகளை மேலும் உலுக்கும், இயக்கிகளும் தேயும். சற்று விட்டுக்கொடுப்பது சிறந்தது. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைச் சோதனை விமானியும் பொறியாளரும் சேர்ந்துதான் முடிவுசெய்ய முடியும்.

சரியாக இயங்குவதைச் சோதிப்பது பாதி வேலை. பழுதைச் சோதிப்பது மறுபாதி. ஆட்டோபைலட்டே பித்துப்பிடித்ததுபோல ஒரு தட்டை முழு எல்லைக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே செய்துபார்க்கிறார்கள். சமதளப் பறப்பில், கோளாறு தெரிந்த பிறகும் விமானி உடனே கைவைக்கக் கூடாது. 3 நொடி காத்திருக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டோ தேநீர் அருந்திக்கொண்டோ இருக்கும் ஒருவருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது கணக்கு. அதற்குப் பிறகும் விமானம் பாதுகாப்பாக மீள வேண்டும்.

இதைவிடத் தந்திரமானது, பழுதை மறைக்கும் ஆட்டோபைலட். 1985 பிப்ரவரி 19 அன்று தைபேயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நோக்கி 41,000 அடியில் பறந்த சைனா ஏர்லைன்ஸ் 747 விமானத்தில் வலது ஓர எஞ்சின் உந்துவிசை இழந்தது. ஒரு பக்கம் இழுபட்ட விமானத்தை ஆட்டோபைலட் எய்லரான்களால் பிடித்து நிறுத்தியது. ரட்டர் அதன் ஆளுகையில் இல்லை. வேகம் குறையக் குறைய இன்னும் இன்னும் சாய்த்துப் பிடித்து எல்லையை எட்டியது. வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. விமானி அதை அணைத்ததும் விமானம் உருண்டு தலைகீழாகி, ஏறத்தாழ 30,000 அடி விழுந்த பிறகே மீண்டது. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியபோது அனைவரும் உயிரோடு இருந்தது பெரும்பேறு. நிலைப்பை நன்றாகக் காக்கும் கருவி, தான் எவ்வளவு சிரமப்பட்டுக் காக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சோதனைப் பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடமில்லையென்றால் அது அரைகுறைச் சோதனை.

பேரழிவு தரும் பழுது 100 கோடிப் பறப்பு மணிக்கு ஒன்றுக்கு மேல் நிகழக் கூடாது என்பது பயணிகள் விமான விதி. 100 கோடி மணி என்றால் ஒரு லட்சத்து 14 ஆயிரம் ஆண்டுகள். பறந்துபார்த்து இதை நிறுவ வழியே இல்லை. ஒவ்வொரு பாகத்தின் பழுதையும் தனித்தனியாக ஆராய்ந்து, எவையெல்லாம் சேர்ந்து நடந்தால் பேரழிவு என்று கணக்கிட்டு, ஒரே காரணத்தால் எல்லாத் தடங்களும் ஒன்றாக விழுந்துவிடாது என்று காட்டித்தான் சான்றிதழ் பெற முடியும்.

ஆளில்லா விமானங்களுக்கு இந்தக் கண்டிப்பு முழுதாக இன்னும் வந்து சேரவில்லை, வந்துகொண்டிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் ஆளில்லா வான்கலங்களுக்கான பொதுச் சோதனை மையம் ஒன்று, சுமார் 45 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிடப்பட்டது அதன் ஒரு பகுதி. பாதுகாப்பு அமைச்சகம் 2020-இல் தொடங்கிய சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில் செலவின் முக்கால் பங்கு வரை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. தமிழ்நாடு அரசு நிறுவனமான டிட்கோ ஒருங்கிணைக்க, கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் இந்த மையத்துக்கான கூட்டமைப்பை முன்னின்று நடத்துகிறது. ஒப்பந்தம் 2024 ஜூலையில் கையெழுத்தானது. சொந்தமாகச் சோதனைக்கூடம் கட்ட முடியாத சிறு நிறுவனங்களுக்கு இத்தகைய பொது மையம் இன்றியமையாதது. டிரோன் செய்பவர்களில் பெரும்பாலோர் சிறு நிறுவனங்களே.

நான்கு அல்லது ஆறு சுழலிகள் கொண்ட டிரோனுக்கு இயல்பான நிலைப்பு என்பதே இல்லை. அந்த வகையில் அது தேஜஸின் உறவினர். உள்ளங்கை அளவு மின்சுற்றுப் பலகை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலிகளின் வேகத்தை மாற்றி அதை நிமிர்த்தி வைக்கிறது. எனவே சோதனை மேசையிலேயே தொடங்க வேண்டும். டிரோனை ஒரே அச்சில் மட்டும் சாயவிடும் தாங்கியில் கட்டி, கேட்ட கோணத்தையும் கிடைத்த கோணத்தையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்ப்பது முதல் படி. பிறகு அதிர்வு. நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் இரு இதழ்ச் சுழலி நொடிக்கு 200 துடிப்புகளை உடலுக்குள் அனுப்புகிறது. உணரி நொடிக்கு 190 முறை அளந்தால், அந்த 200 துடிப்பு 10 துடிப்பாகத் தோன்றும். இல்லாத ஓர் ஆட்டத்தை இருப்பதாக எண்ணி ஆட்டோபைலட் திருத்தத் தொடங்கும். விளிம்பு உடைந்த சுழலி ஒன்று இதை இன்னும் மோசமாக்கும் என்பதால், உடைந்த சுழலியோடும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பாலாற்றங்கரை நெல் வயல்களில் மருந்து தெளிக்கும் டிரோனை எடுத்துக்கொண்டால், பெருக்க இடைவெளி என்பது ஏட்டுக் கணக்கல்ல என்பது புரியும். 25 கிலோ எடையோடு எழும் டிரோன் 10 லிட்டர் மருந்தைத் தெளித்து முடித்ததும் 15 கிலோவாகிறது. அதே உந்துவிசை மாற்றம் இப்போது 1.67 மடங்கு முடுக்கம் தரும். உயரத்தைப் பிடிக்கும் சுற்றில் இது 4.4 டெசிபல் கூடுதல். அனுமதித்த 6 டெசிபலில் பெரும்பகுதியை மருந்துத் தொட்டியே தின்றுவிட்டது. பாதி நிறைந்த தொட்டியில் நீர் அலைமோதுவது தனிச் சிக்கல். மறுபக்கம், மின்கலத்தின் அறை ஒன்று 4.2 வோல்ட்டிலிருந்து 3.5-க்கு இறங்கும்போது உந்துவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். மே மாத வெயிலில் 40 பாகை வெப்பக் காற்று, 15 பாகைக் காற்றைவிட 8 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. சுழலிக்குப் பிடிமானமும் அவ்வளவு குறையும். நிறைந்த தொட்டி, தீரும் மின்கலம், உச்சி வெயில் என்ற சேர்க்கையிலும், காலித் தொட்டி, புது மின்கலம், மார்கழிக் காலை என்ற சேர்க்கையிலும் தனித்தனியே பறக்கவிட்டால்தான் உண்மை தெரியும். நடுநிலையான ஒரு நாளில் ஒருமுறை பறக்கவிட்டுக் கையொப்பமிடுவது சோதனை ஆகாது.

திசைகாட்டியும் ஏமாற்றும். இரும்புக் கூரைத் தொழிற்கூடங்களும் உயர் அழுத்த மின்கம்பிகளும் நெருங்கிய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் காந்தப்புலம் இடத்துக்கு இடம் கோணலாகும். வடக்கு எது என்பதில் பிழை நேர்ந்தால், கிழக்கே நகர்ந்து திருத்த வேண்டிய டிரோன் தென்கிழக்கே நகரும். அதையும் திருத்த முயன்று வட்டமடிக்கும். பிழை பெரிதானால் வட்டம் விரிந்துகொண்டே போகும். கருவி ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாக இயங்கும்போதே இது நிகழ்கிறது. செயற்கைக்கோள் சைகையை இடையில் துண்டிப்பது, தொலைத்தொடர்பை அறுப்பது, திசைகாட்டிக்குப் பிழையான அளவைத் தருவது ஆகியவற்றை மனித நடமாட்டமற்ற வெளியில் ஒவ்வொன்றாகச் செய்து, டிரோன் வீடு திரும்புகிறதா, நின்ற இடத்திலேயே இறங்குகிறதா என்று பதிவுசெய்ய வேண்டும்.

நிலையான இறக்கை கொண்ட ஆளில்லா விமானங்களில் இந்தியாவின் ஒரு சாதனை கர்நாடகத்தின் சித்திரதுர்கா சோதனைத் தளத்தில் நிகழ்ந்தது. டி.ஆர்.டி.ஓ.வின் ‘பறக்கும் இறக்கை’ 2022 ஜூலை 1 அன்று அங்கே முதன்முறையாக, விமானி தலையீடின்றித் தானே எழுந்து பறந்து இறங்கியது. 2023 டிசம்பரில் செங்குத்து வாலும் இல்லாத வடிவில் பறந்தது. செங்குத்து வால் இல்லையென்றால் மூக்கு இடவலமாக அலைவதைத் தடுக்க உடலில் எதுவும் இல்லை. எல்லாம் ஆட்டோபைலட்டின் பொறுப்பு. தமிழ்நாட்டில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்‌ஷா மாணவர் குழு 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. தொலைவிலுள்ள இடத்துக்குத் தானே பறந்து, இறங்கி, மருத்துவ மாதிரியை எடுத்துவருவது அப்போட்டியின் பணி.

சோதனையில் தேறியது ஒரு குறிப்பிட்ட அமைப்பு மட்டுமே: இந்தச் சுழலி, இந்த மின்கலம், இந்த எடை, மென்பொருளின் இந்தப் பதிப்பு. 2021 டிரோன் விதிகளின்கீழ் தரப்படும் வகைச் சான்றிதழும் அப்படித்தான். ஒன்றை மாற்றினால், மாறிய பகுதியை மட்டுமன்றி, அது தொடக்கூடிய பழைய சோதனைகளையும் மறுபடி நடத்த வேண்டும். தேஜஸ் பறக்கத் தொடங்கி 23 ஆண்டுகளுக்குப் பிறகு, மார்க்-1ஏ வகைக்காக உள்நாட்டில் உருவான புதிய கட்டுப்பாட்டுக் கணினி 2024 பிப்ரவரி 19 அன்று எல்.எஸ்.பி.-7 என்ற முன்மாதிரியில் முதன்முறையாகப் பறந்தது. விமானத்தின் வடிவம் அதேதான். ஆனால் கணினி புதிது என்பதால், அது தேசியப் பறப்புச் சோதனை மையத்தின் விமானி ஒருவர் கையில், சோதனைக் கருவிகள் பொருத்திய முன்மாதிரியில், முதற்பறப்பாகவே நடத்தப்பட்டது.